ஏவியில் வராத பாட்டு டீச்சர்

(ஆடியோவில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திப் போட்டிருக்கோம்.)

இந்த எபிசோடை வடலூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, கும்பகோணம் ரோடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு.

இன்னைக்கு ரியாலிட்டி ஷோ பத்திப் பேசப் போறேன். "அதெல்லாம் ஸ்கிரிப்டட் ப்ரோ"ன்னு ஒரே வரியில முடிச்சிடுற ஆள்தான் நானும். எங்க குடும்பத்துலயே ஒரு விஷயம் நடந்த பிறகுதான் அந்த வரி எவ்வளவு தப்புன்னு புரிஞ்சது. யாரும் யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்கல. எல்லாரும் உண்மையைத்தான் பேசினாங்க. ஆனா டிவியில வந்தது வேற கதை. அது எப்படி நடக்குதுன்னு பார்ப்போம்.

என் சித்தி பொண்ணு ஒரு பாட்டுப் போட்டிக்கு செலக்ட் ஆனா. எந்த சேனல், எந்த ஷோன்னு சொல்லப் போறதில்லை. அவ பேரும் வேண்டாம், தங்கச்சின்னே சொல்றேன். சித்தப்பாவுக்கு நெய்வேலி சுரங்கத்துல வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருக்காங்க. வாசல்ல வேப்பமரம், பின்னாடி நாலு வாழை, ரெண்டு பெட்ரூம். குறை சொல்ல ஒண்ணும் இல்லாத வீடு.

சென்னையிலேர்ந்து ஷூட்டிங் டீம் காலையில 7 மணிக்கு வந்தாங்க. ஒரு வேன், 5 பேர். டைரக்டருக்கு என் வயசுகூட இருக்காது. வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு சித்திகிட்ட ரொம்ப மரியாதையா கேட்டார்: "அம்மா, உங்களுக்குச் சொந்த ஊர்ல பழைய வீடு ஏதாவது இருக்குங்களா?" இருக்கு. குறிஞ்சிப்பாடி பக்கம் எங்க பாட்டியோட ஓட்டு வீடு. நான்தான் பைக்ல முன்னாடி போய் வேனுக்கு வழி காட்டினேன். அதை ஏன் சொல்றேன்னா, இந்தக் கதையில நானும் ஒரு பார்ட்டி.

பாட்டி வீட்டுத் திண்ணையில தங்கச்சியை உட்கார வச்சு எடுத்தாங்க. கிணத்தடியில தண்ணி இறைக்கச் சொன்னாங்க. பக்கத்து முந்திரித் தோப்புல பாடிக்கிட்டே நடக்கச் சொன்னாங்க. சித்தப்பாவுக்கு அன்னைக்கு லீவு. ஆனாலும் டியூட்டி டிரஸ், ஹெல்மெட் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கச் சொன்னாங்க. அவர் சந்தோஷமா நின்னார். பொண்ணு டிவியில வரப் போறா, வேற என்ன யோசிப்பார்?

இந்த மாதிரி எடுக்கறதுக்கு டிவிக்காரங்க பாஷையில "ஏவி"ன்னு பேர். போட்டியாளர் மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி பெரிய திரையில ஓடுமே, ரெண்டு நிமிஷ அறிமுகம், அதுதான். பாட்டுக்கு நீங்க மார்க் போடறதுக்கு முன்னாடியே அந்த ஏவி உங்க மனசுல ஒரு மார்க் போட்டுடும்.

தங்கச்சியோட ஏவி டெலிகாஸ்ட் ஆன அன்னைக்கு சித்தி வீட்டு ஹால்ல 15 பேர் இருந்தோம். ஓட்டு வீடு, கிணறு, ஹெல்மெட்டோட சித்தப்பா, பின்னணியில ஒரு புல்லாங்குழல். அப்புறம் தங்கச்சி குரல்: "நான் யாருகிட்டயும் பாட்டு கத்துக்கல. கேட்டுக் கேட்டுப் பாடுவேன்." ஏவி முடிஞ்சப்ப ஹால்ல பாதிப் பேர் அழுதுட்டாங்க. நானும்தான்.

ஆனா தங்கச்சி டவுன்ஷிப்ல ஒரு டீச்சர்கிட்ட 8 வருஷமா பாட்டு கத்துக்கிட்டவ. சனி, ஞாயிறு காலையில 6 மணிக்கு கிளாஸ். கடைசி ரெண்டு வருஷம் அந்த டீச்சர் ஃபீஸே வாங்கல. "போட்டிக்குப் போற, நீ பாடு, அது போதும்"னு சொன்னவங்க. சித்தி அன்னைக்கு ராத்திரியே அவங்களுக்கு "பார்த்தீங்களா மேடம்"னு மெசேஜ் போட்டாங்க. நீல டிக் வந்தது. பதில் வரல.

தங்கச்சி பொய் சொன்னாளா? இல்லை. இதுக்கு நான் சாட்சி, ஏன்னா அந்த இன்டர்வியூ நடந்தப்ப கேமராவுக்குப் பின்னாடி நின்னு நான் என் போன்ல சும்மா ஒரு வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். அவ சொன்னது இது: "சினிமாப் பாட்டு நான் யாருகிட்டயும் கத்துக்கல. ரேடியோவுல கேட்டுக் கேட்டுப் பாடுவேன். ஆனா பாட்டுன்னா என்னன்னு சொல்லிக் கொடுத்தது எங்க டீச்சர்தான்." அதுக்கப்புறம் டீச்சரைப் பத்தியே 6 நிமிஷம் பேசினா.

முதல் வாக்கியத்துல "சினிமாப் பாட்டு" போச்சு, வேற எங்கயோ சொன்ன "பாட்டு" அங்க வந்து உட்கார்ந்தது. "ரேடியோவுல" போச்சு. மூணாவது வாக்கியம் மொத்தமா போச்சு. இந்த வேலைக்கு வெளிநாட்டு எடிட்டர்கள் ஒரு பேர் வச்சிருக்காங்க: ஃப்ராங்கன்பைட். ஃப்ராங்கன்ஸ்டைன் கதையில பல பேரோட உறுப்புகளைத் தைச்சு ஒரு ஆளை உருவாக்குவாங்க இல்லையா, அதுலேர்ந்து வந்தது. பல இடத்துல பேசினதை வெட்டி ஒட்டி ஒரே வாக்கியமா ஆக்கறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கு. ஒருத்தர் பேசிக்கிட்டிருக்கும்போது படம் அவங்க முகத்தை விட்டு வேற எங்கயாவது போகுதான்னு பாருங்க. முகம் தெரியும்போது குரலை வெட்டினா உதடு காட்டிக் கொடுத்துடும். அதனால வெட்டு விழற இடத்துல ஒரு கிணறு, ஒரு கோயில் மணி, ஒரு அம்மாவோட கை. தங்கச்சி அந்த வாக்கியத்தைச் சொன்னப்ப திரையில ஓடினது பாட்டி வீட்டுக் கிணறுதான். எல்லா கிணறும் பொய்யை மூடி வைக்குதுன்னு சொல்லல. சில சமயம் கிணறு வெறும் கிணறுதான். ஆனா முகம் மறையற நேரத்துல காது கொஞ்சம் கூர்மையா இருக்கட்டும். நானும் இந்த பாட்காஸ்ட்ல "ம்ம்", "அது வந்து"ன்னு நான் இழுக்கறதையெல்லாம் வெட்டறவன்தான். ஆடியோவுல கிணறுகூடத் தேவையில்லை, வெட்டின இடம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு விஷயம், ஷூட்டிங்ல நான் முதல் தடவை பார்த்தது. டைரக்டர் கேள்வி கேட்கும்போது, "கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமா பதில் சொல்லும்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். காரணம் எளிமையானது. அவர் குரலை பிறகு எடுத்துடுவாங்க. "என்ன படிக்கற?"ன்னா "பி.காம்"னு சொல்லக் கூடாது, "நான் பி.காம் படிக்கறேன்"னு சொல்லணும். இதுல தப்பில்லை, டாக்குமென்டரி எடுக்கறவங்களும் இப்படித்தான் கேட்பாங்க. ஆனா அடுத்து ஒரு கேள்வி வந்தது: "அப்பா நைட் ஷிஃப்ட் போகும்போது உனக்கு பயமா இருக்குமாம்மா?" இவ கொஞ்சம் யோசிச்சிட்டு, "ம், சின்ன வயசுல இருக்கும்"னா. "முழு வாக்கியமா சொல்லு." "அப்பா நைட் ஷிஃப்ட் போகும்போது எனக்கு பயமா இருக்கும்." அவ்வளவுதான். கேள்வி காணாமப் போச்சு, சின்ன வயசும் காணாமப் போச்சு. பார்க்கறவங்களுக்கு, ஒரு பொண்ணு தானா மனசைத் திறந்து சொல்ற மாதிரி ஆகிடுச்சு.

இப்ப இதையே பெருசு பண்ணிப் பாருங்க. பிக் பாஸ் மாதிரி ஒரு வீடு. நெதர்லாந்துல 1999-ல பிக் பிரதர்னு ஆரம்பிச்சது, இந்தியில 2006, தமிழ்ல 2017 ஜூன் 25. ஒரு பேச்சுக்கு அந்த வீட்ல 30 கேமரா, எல்லாமே ராத்திரி பகலா ஓடுதுன்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 720 மணி நேரம் வீடியோ. விளம்பரம் போக நமக்கு 45 நிமிஷம் காட்டறாங்கன்னா, 960 நிமிஷத்துல ஒரு நிமிஷம்தான் நம்ம கண்ணுக்கு வருது.

எங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. நெய்வேலியில நிலக்கரியைத் தொடறதுக்கு முன்னாடி அதுக்கு மேல இருக்கற மண்ணை பல மடங்கு வாரிக் கொட்டணும். ராட்சச சக்கரம் மாதிரி ஒரு மெஷின் ராப்பகலா அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கும். ஒரு வித்தியாசம் என்னன்னா, சுரங்கத்துல எது மண்ணு, எது கரின்னு பூமி ஏற்கனவே முடிவு பண்ணி வச்சிருக்கு. எடிட் ரூம்ல அதை முடிவு பண்றது எடிட்டர். டீச்சரைப் பத்தின 6 நிமிஷம் அவருக்கு மேல்மண்.

அத்தனை மணி நேரத்தையும் எடிட்டர் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால பெரிய ரியாலிட்டி ஷோக்கள்ல "லாகர்"னு ஷிஃப்ட் போட்டு ஆள் வச்சிருப்பாங்க. கேமராவைப் பார்த்துக்கிட்டே நேரத்தோட எழுதணும்: 14:20, கிச்சன், ரெண்டு பேருக்கு பாத்திரம் கழுவறதுல சண்டை. 14:31, ஒருத்தர் பாத்ரூம் பக்கம் தனியா அழுகை. கதை எழுதற டீம் இந்தக் குறிப்பைத் தேடித்தான் எபிசோடைக் கட்டுவாங்க. அதாவது, லாகர் கொட்டாவி விட்ட நேரத்துல நீங்க யாருக்காவது காபி போட்டுக் கொடுத்திருந்தா, அந்த காபியே நடக்கலன்னு அர்த்தம்.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. நாம சோறு சாப்பிடறதே லாக் பார்த்துத்தான். இந்த இடத்துல என் கதை ஒண்ணு சொல்லணும், சொல்ல சந்தோஷமில்லை.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க சிஸ்டம் ஒரு நாள் 40 நிமிஷம் படுத்துடுச்சு. ஏன்னு கண்டுபிடிச்சு மீட்டிங்ல சொல்ற வேலை எனக்கு. லட்சக்கணக்கான வரி லாக். அதுலேர்ந்து 11 வரி எடுத்து ஸ்லைடுல போட்டேன். முதல் வரி 10:14, இன்னொரு டீமோட சர்வீஸ் பதில் சொல்லாம தொங்கின இடம். அதுக்கப்புறம் வரிசையா எல்லாம் விழுந்தது. 11 வரியும் உண்மை, ஒரு எழுத்துகூட நான் மாத்தல. 10:08-க்கு எங்க டீம் ஒரு செட்டிங்கை மாத்தியிருந்தோம், அந்த வரியை மட்டும் எடுக்கல. அந்த டீம்ல ஒரு பொண்ணு மீட்டிங் முழுக்க நோட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. ரெண்டு வாரம் கழிச்சு அவளே தோண்டிக் கண்டுபிடிச்சு, என் டெஸ்க்குக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்டா: "ஏன் 10:14-லேர்ந்து ஆரம்பிச்ச?"

எந்த ரியாலிட்டி ஷோவைப் பார்த்தாலும் எனக்கு இப்ப இந்தக் கேள்விதான் வருது. ஏன் அங்கேர்ந்து ஆரம்பிச்சாங்க?

பிக் பாஸ் தமிழ் முதல் சீசன்ல கமல் சார் ஒரு விஷயத்தைப் பிரபலமாக்கினார், குறும்படம். வார நாள்ல ஒருத்தர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை"ம்பாங்க. சனிக்கிழமை அவர் மேடையில நின்னு, "ஒரு குறும்படம் பார்ப்போமா"ன்னு ஓட விடுவார். ஓவியா–ஜூலி விஷயத்துல வந்த குறும்படம் ஞாபகம் இருக்கும். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல தமிழ்நாடே கொண்டாடின ஜூலியை, அதே தமிழ்நாடு சில வாரத்துல மீம் போட்டுக் கிழிச்சது. "குறும்படம்"ங்கற வார்த்தை இன்னைக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துடுச்சு. ஆதாரம்னு அர்த்தம்.

எனக்கும் அந்தக் குறும்படங்கள் ரொம்பப் பிடிக்கும், மறைக்கல. ஆனா அதுவும் எடிட்தான். எந்த நொடியில ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க. அந்த வாரம் யாருக்குக் குறும்படம் போடணும், யாருக்குப் போட வேண்டாம்னும் முடிவு பண்ணியிருக்காங்க. அந்த க்ளிப்ல இருக்கறது நடந்ததுதான். என் 11 வரியும் நடந்ததுதான்.

"அப்ப 24 மணி நேரமும் லைவா காட்டிட்டா?"ன்னு கேட்பீங்க. அதையும் பண்ணிப் பார்த்துட்டாங்க. 2022 ஜனவரி கடைசியில ஹாட்ஸ்டார்ல பிக் பாஸ் அல்டிமேட் வந்தது, 24 மணி நேர ஒளிபரப்பு. அதே வருஷம் ஆறாவது சீசனுக்கும் லைவ் இருந்தது. உடனே ரசிகர்கள் தாங்களே லாகர் ஆகிட்டாங்க. ராத்திரி ஒரு மணிக்கு நடந்த பேச்சை ரெக்கார்ட் பண்ணி, "இதை எபிசோட்ல காட்டல பாருங்க"ன்னு போடுவாங்க. சேனல் ஒரு கதை சொல்லும், ஒவ்வொருத்தரோட ஆர்மியும் தனித்தனியா ஒரு கதை சொல்லும். எல்லாத்துக்கும் மூலம் ஒரே வீடு. ஆனா அந்த லைவ்லயும் ஒரு நேரத்துல எந்த கேமராவைக் காட்டறதுன்னு கன்ட்ரோல் ரூம்ல ஒருத்தர் பட்டனை அழுத்திக்கிட்டிருக்கார். வடலூர்க்காரனுக்குத் திரைன்னா சத்திய ஞான சபைதான் ஞாபகம் வரும். தைப்பூசத்துக்கு 7 திரையையும் ஒவ்வொண்ணா விலக்கி ஜோதி காட்டுவாங்க. அங்க திரை எத்தனைன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டிவியில எண்ணிக்கை நமக்குச் சொல்லப்படறதில்லை.

வெட்டறது ஒரு பக்கம்னா, ஒட்டறது இன்னொரு பக்கம். சுமார் நூறு வருஷம் முன்னாடி ரஷ்யாவுல குலேஷவ்னு ஒரு இயக்குநர் ஒரு சோதனை பண்ணார். ஒரு நடிகரோட சலனமே இல்லாத முகம். அதுக்குப் பக்கத்துல ஒரு தடவை சூப் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டின்னு ஒட்டினார். பார்த்தவங்க, "என்ன பசி அந்த முகத்துல", "என்ன துக்கம்"னு பாராட்டினாங்களாம். முகம் ஒண்ணேதான். பாட்டுப் போட்டியில ஜட்ஜ் கண்ணைத் துடைக்கற ஷாட் வரும்போதெல்லாம் எனக்கு இந்த சூப் கிண்ணம் ஞாபகம் வந்துடும். அந்த ஜட்ஜ் இந்தப் பாட்டுக்குத்தான் கண்ணைத் துடைச்சாரா, இல்ல காலையிலேர்ந்து லைட்டுக்குக் கீழ உட்கார்ந்து கண் எரிஞ்சதா? ஷாட்டை மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது.

இந்த வித்தையோட உச்சம்னு நான் நினைக்கறது 2009 ஏப்ரல்ல பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்ல வந்த சூசன் பாயல் எபிசோட். 47 வயசு, ஸ்காட்லாந்துக்காரங்க. யூடியூப்ல இருக்கு, இன்னொரு தடவை பாருங்க, ஆனா அவங்களைப் பார்க்காம ஆடியன்ஸை மட்டும் பாருங்க. பாடறதுக்கு முன்னாடி சிரிக்கற முகம், கண்ணை உருட்டற ஒரு பொண்ணு. முதல் வரி பாடினதும் ஜட்ஜுகளோட புருவம் மேல போகும். ஆடியன்ஸ் எழுந்து நிப்பாங்க. குரல் நிஜமாவே அருமையான குரல்தான். ஆனா அந்தக் கேலிச் சிரிப்பை முன்னாடி வைக்காம அதே பாட்டை மட்டும் போட்டிருந்தா, "நல்லா பாடறாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்.

நம்ம ஊருக்கே வருவோம். சூப்பர் சிங்கர் 2006-லேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு. 2016-ல அஞ்சாவது சீசன் ஃபைனல்ல ஆனந்த் அரவிந்தாக்ஷன் ஜெயிச்சார். அவர் ஏற்கனவே சினிமாவுல பாடியிருக்கார்ங்கற விஷயத்தை வச்சு இணையத்துல பெரிய சண்டையே நடந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 2018-ல ஆறாவது சீசன், செந்தில் கணேஷ் ஜெயிச்சார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் பல வருஷமா நாட்டுப்புறப் பாட்டு மேடைகள்ல பாடினவங்க, ரெண்டு பேரும் அதே சீசன்ல போட்டி போட்டாங்க. அவங்க மேடை அனுபவத்தை ஊரே பெருமையா பேசிச்சு.

ரெண்டு பேருக்கும் முன் அனுபவம் இருக்கு, ரெண்டு பேரும் நல்லா பாடறவங்க. ஒருத்தருக்கு அந்த அனுபவம் குற்றச்சாட்டாச்சு, இன்னொருத்தருக்கு அதுவே கதையாச்சு. என்னோட பார்வையில, நமக்குப் பழக்கமான கதை ஒண்ணு இருக்கு: யாருக்கும் தெரியாத ஒரு குரலை டிவி கண்டுபிடிக்குது. திருவிழா மேடையில பாடினது அந்தக் கதைக்குள்ள பொருந்தும், ஏன்னா நகரத்து ஆடியன்ஸ் அந்த மேடையைப் பார்த்ததில்லை. சினிமாவுல பாடினது பொருந்தாது. எட்டு வருஷமா சனிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து டீச்சர் வீட்டுக்குப் போனது சுத்தமா பொருந்தாது. அங்க ஏற்கனவே ஒருத்தங்க அவளைக் கண்டுபிடிச்சிட்டாங்க இல்லையா?

டிவியில அசிஸ்டன்ட் எடிட்டரா இருந்த என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட இதைச் சொல்லி சண்டை போட்டேன். அவன் கோபப்படல. "மச்சி, வியாழக்கிழமை ரேட்டிங் வரும். ஒரு எபிசோட்ல 10 பேரை அறிமுகப்படுத்தணும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். உன் தங்கச்சிக்கு கஷ்டம், டீச்சர், ரேடியோ, அப்பா, பி.காம்னு அஞ்சு விஷயம் இருந்தா, பார்க்கறவனுக்கு ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது. ஒருத்தருக்கு ஒரு வரி. அந்த வரி இருந்ததாலதான் அவளுக்கு ஓட்டு விழுந்தது." இதுல பாதி நியாயம் இருக்கு. தங்கச்சி தெருவுல நடந்தா செல்ஃபி கேட்கற அளவுக்கு வந்தது அந்த ஏவியாலதான். "கேட்டுக் கேட்டுப் பாடுற பொண்ணு"ன்னு ஜட்ஜுகளே கூப்பிட்டாங்க. மூணாவது ரவுண்டுல கொஞ்சம் கர்நாடக சங்கதி போட்டுப் பாடினப்ப ஒருத்தர் ஆச்சரியப்பட்டு, "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"ன்னு கேட்டார். அவ டீச்சர் பேரைச் சொன்னா. டெலிகாஸ்ட்ல அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. ஒரு வரி முடிவானதுக்கப்புறம், அதுக்கு எதிரா வர்றது எல்லாமே மேல்மண்ணுதான்.

அவன் நியாயத்துல நான் ஒத்துக்காத மீதிப் பாதி இதுதான். ஷோவுக்கு அந்த வரி 20 வாரம் வேணும். அந்தப் பொண்ணு அந்த வரியோட நெய்வேலியில வாழணும்.

சட்டம் எங்க நிக்குதுன்னும் பார்த்தேன். குழந்தைகள் நடிக்கறதுக்கு இந்தியாவுல 2017 விதிகள் இருக்கு: ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல கூடாது, வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல ஃபிக்சட் டெபாசிட் போடணும். நல்ல விதிகள். மணி, நாள், பணம் எல்லாத்தையும் எண்ணுது. பிரிட்டன்ல ஆஃப்காம்னு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு இருக்கு. அங்க ஜெரமி கைல் ஷோ 2019-ல, கலந்துக்கிட்ட ஒருத்தரோட மரணத்துக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. 2021 ஏப்ரல்லேர்ந்து, நிகழ்ச்சியால பெரிய பாதிப்பு வரக்கூடிய பங்கேற்பாளர்களைச் சேனல் கவனமா பார்த்துக்கணும், அவங்களுக்கு வரக்கூடிய பாதிப்பை முன்கூட்டியே சொல்லணும்னு விதி கொண்டு வந்தாங்க. தங்கச்சிக்கு அப்ப 19 வயசு, குழந்தைகள் விதி பொருந்தாது. அவ கையெழுத்துப் போட்ட பேப்பர்ல, எடுத்ததை எப்படி வேணா எடிட் பண்ணிக்கலாம்னு ஒரு பாரா இருந்தது. படிச்சுப் பார்த்தவன் நான்தான். "இது எல்லா ஷோவுலயும் இருக்கும், போடு"ன்னு சொன்னவனும் நான்தான்.

அவ டாப் 10-க்குப் பக்கத்துல வந்து எலிமினேட் ஆகி வீட்டுக்கு வந்தா. 4 மாசம் டீச்சர் வீட்டுப் பக்கமே போகல. "போய் என்னண்ணா சொல்றது? நான்தானே சொல்லியிருக்கேன், என் வாயால"ம்பா. டவுன்ஷிப் சின்ன இடம். மார்க்கெட்ல டீச்சரைப் பார்த்துட்டு எதிர்ப் பக்கம் திரும்பி நடந்திருக்கா. டீச்சரோட மத்த ஸ்டூடண்ட்ஸோட அம்மாக்கள், "எட்டு வருஷம் சொல்லிக் கொடுத்ததுக்கு இதுதான் மரியாதை"ன்னு பேசினது சித்தி காதுக்கு வந்தது.

அப்பத்தான் என் போன்ல இருந்த வீடியோ ஞாபகம் வந்தது. 22 நிமிஷம், கை ஆட்டத்தோட, பாதி நேரம் ஃபோகஸ் இல்லாம. ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் போனோம். டீச்சர் காபி கொடுத்தாங்க. போனை அவங்க கையில கொடுத்துட்டு, "முழுசா பாருங்க மேடம்"னு மட்டும் சொன்னேன். முழுசா பார்த்தாங்க. அவங்களைப் பத்தி அவ பேசற 6 நிமிஷம் வந்தப்ப கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டாங்க. முடிஞ்சதும் தங்கச்சியைப் பார்த்து, "ஏன் இவ்வளவு வேகமா பேசற? மூச்சு எங்க விடற?"ன்னு கேட்டாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து கிளாஸ் ஆரம்பிச்சது.

இப்ப ஃபீஸ் வாங்கறாங்க. மாசம் பிறந்தா தங்கச்சி ஜிபே பண்ணிடறா.

இந்த எபிசோடை வெளியிடறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட கேட்க வச்சேன். ரெண்டு இடத்தை எடுக்கச் சொன்னா, எடுத்துட்டேன். டீச்சரும் கேட்டாங்க, பேர் வேண்டாம்னு மட்டும் சொன்னாங்க. ஃபீஸ் விஷயத்தை நானே எடுத்துடட்டுமான்னு தங்கச்சிகிட்ட கேட்டேன்.

"அது இருக்கட்டும்ண்ணா"ன்னா.

சரி மக்களே, அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்போம்.